மூணாவது கோட்டிங்

— மூணாவது தடவை வந்து நிக்கேன், ஃபயாஸ். என் வேன் கண்ணாடிய நீ கெடுத்துட்ட. அம்புட்டுத்தான்.

— பாண்டிச்செல்வம் அண்ணே, செத்த கோவப்படாம கேளுங்க. மழைத்தண்ணி நிக்காம ஓடணும்னு கோட்டிங் போடச் சொன்னீக. போட்டேன். தண்ணி ஓடுதா இல்லையா?

— ஓடுது. முத்து முத்தா உருண்டு ஓடுது. ஓடி என்னத்துக்கு? கண்ணாடில மூட்டம் போட்ட புகை போகலயே. எதுக்க வார லாரி லைட்டு கோழிக்கொண்டைப் பூவாட்டம் விரிஞ்சு நிக்கி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பதினாலு பேர உள்ள வச்சு ஓட்டுதேன்லே.

— கோட்டிங் காயும்போது லேசா மங்கும்ணே. அதைத் தொடச்சு எடுத்துரணும். மொதத் தடவை அதுதான் மிச்சம் நின்னுருச்சோன்னு, நானே திரும்பத் தொடச்சுக் குடுத்தேன்.

— ரெண்டாவது தடவை?

— ரெண்டாவது தடவை நீங்க பாத்த வேலை. மழை வரவும் புகையிலையக் கசக்கிக் கண்ணாடில தேச்சது யாரு?

— அஸ்ஸாம்ல பட்டாள லாரி ஓட்டுன காலத்துல இருந்து நான் புகையிலைதான் தேய்ப்பேன். பதினேழு வருசம். எனக்கு நீ சொல்லித் தாரியா?

— வெறுங் கண்ணாடிக்கு அது சரி. கோட்டிங் மேல தேச்சா திட்டுத் திட்டா ஒட்டிக்கிடும். அது போதாதுன்னு மதினி வெள்ளிக்கிழமை ஆனா வேனுக்குள்ள சாம்பிராணி போடுதாக. உள்பக்கம் விரல வச்சேன், பிசுபிசுங்குது.

— கல்பனாவ எதுக்கு இழுக்க? அவ போடுத சாம்பிராணி இன்னைக்கு நேத்தா போடுதது? அப்பம்லாம் நல்லாத்தான தெரிஞ்சது.

— யாரையும் இழுக்கல. காலைல இருந்து வேற வண்டியத் தொடாம ஒங்க வண்டியத்தான் பாத்திருக்கேன். ஷாம்பு போட்டுக் கழுவி, அழுக்கெடுக்குத களிமண் கட்டிய வச்சுத் தேச்சு, ஸ்பிரிட்ல தொடச்சு, பழைய கோட்டிங்க மொத்தமா எடுத்தாச்சு. சாம்பிராணிப் புகையும் போச்சு. இப்பம் அது கம்பெனில இருந்து வந்த கண்ணாடி கணக்கா இருக்கு. ஏறி உக்காந்து பாருங்க.

— இந்தா ஏறிட்டேன். என்னத்தச் சொல்ல? அப்படியேதான் இருக்கு.

— எது அப்படியே இருக்கு?

— புகைதான். பால் தண்ணிய ஊத்தி வச்ச மாதிரி.

— பக்கத்து சீட்டுல நானும் ஏறி உக்காந்து பாக்கேன். இந்தக் கண்ணாடி வழியா எதுத்தாப்ல இருக்க மருந்துக்கடை போர்டுல போன் நம்பர் வரைக்கும் தெரியுது.

— ஒன் வேலைய நீ குறை சொல்லுவியா? ராஜபாளையத்துல ஒன் கடைய விட்டா நான் எங்கயும் போனதில்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒருத்தன் நல்லாப் போடுதானாம். அங்கன போயிருக்கணும்.

— போங்க, யாரு வேண்டாம்னா? ஒம்பது வருசமா இந்தத் தொழில் பாக்கேன். ஒரு கண்ணாடி என்னைய இப்படி அவமானப்படுத்துனதில்ல. கையப் பாருங்க, ஸ்பிரிட்டு பட்டுத் தோல் உரிஞ்சு கெடக்கு.

— எனக்கு மட்டும் ஒங்கிட்ட மல்லுக்கு நிக்க ஆசையா? நேத்து சாயங்காலம் செட்டியார்பட்டி விலக்குல ஒரு சைக்கிள்காரன் குறுக்க வந்துட்டான். பின்னாடி பிள்ளைக கத்துன பொறவுதான் எனக்கு ஆள் தெரிஞ்சது. பிரேக்க மிதிச்சு நிப்பாட்டுனா, அவனுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு முழம். ராத்திரி பூரா தூக்கமில்ல.

— பிள்ளைகளுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு.

— தெரிஞ்சிருக்கு. வீட்டுல போயிச் சொல்லிருக்கும்க. பெத்தவுகள்ல ஒருத்தர் பேசுனாலும் போதும், என்னைய வண்டில இருந்து இறக்கிருவாக. பட்டாளத்துப் பென்சன் சோத்துக்குப் பத்தும்லே. ஸ்டியரிங்கத் தொடாம வீட்டுல உக்காந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுரும்.

— ஆமா, பிள்ளைகளும் இதே கண்ணாடி வழியாத்தான பாத்தாக?

— பின்ன வேற எது வழியாப் பாப்பாக? என்னலே கேள்வி இது.

— சும்மா கேட்டேன். நீங்க அப்படியே முன்னாடி பாத்துட்டு இருங்க. நான் இறங்கி இடது பக்கக் கதவுல ஒரு சின்ன வேலை பாத்துக்கிடுதேன்.

— சீக்கிரம் பாரு. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுரும். மானம் வேற இருட்டிக்கிட்டு வருது. அந்தக் கம்ப்ரசர அமத்தித் தொலை, ஒரு சத்தமும் கேக்க மாட்டேங்குது.

— அமத்திட்டேன். வேலையும் முடிஞ்சது. இப்பம் இந்தக் கதவு வழியா ரோட்டுக்கு அங்கிட்டுப் பாருங்கண்ணே. எப்படி இருக்கு?

— இதுவும் அதே லட்சணந்தான். இந்தக் கண்ணாடியவும் கெடுத்துட்டியா? இதுல கைய வைக்கவே நான் சொல்லலயே.

— அவசரப்படாம நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மங்கலாவா இருக்கு?

— எத்தன தடவை சொல்ல? மங்கல்தான். அதே புகைதான். தொடச்சுக் குடு, நான் கெளம்பணும்.

— சாவிய எங்கிட்டக் குடுத்துட்டு இறங்குங்கண்ணே, பிள்ளைகள இன்னைக்கு நான் போயிக் கூட்டிட்டு வாரேன். இந்தக் கதவுக் கண்ணாடிய நான் முழுசாக் கீழ இறக்கிட்டுத்தான் ஒங்களப் பாக்கச் சொன்னேன்.