யான்சென் நிலத்து வறண்ட கிணறு

கலர் பென்சிலை நான் எப்போதும் பிளேடால்தான் சீவுவேன். ஷார்ப்பனரில் போட்டுத் திருகினால் முனை உள்ளேயே உடைந்துவிடும். இப்போது எல்லோரும் கம்ப்யூட்டரில்தான் வரைபடம் போடுகிறார்கள், நானும் கடைசியில் அதில்தான் ஏற்றுவேன். ஆனால் முதல் கோட்டைக் கையால் போட்டால்தான் எனக்கு மனசு ஒட்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேடம், என் மேசையில் இருந்த பிளேடை உங்கள் போலீஸ் ஆட்கள் உறையில் போட்டு எடுத்துப் போனார்களாம். அது பென்சில் சீவுகிற பிளேடு, வேறொன்றும் இல்லை.

உங்கள் டேப்பில் பதிவாக வேண்டும் என்பதால் சொல்கிறேன். என் பெயர் டாயல் ரட்லெஜ். ஓக்லஹோமா சிட்டியில் நிலவியல் ஆலோசகன். கம்பெனிகள் குத்தகைக்கு எடுத்த நிலத்தில், இன்னும் யாரும் துளை போடாத இடத்தில், அடியில் எவ்வளவு எண்ணெயும் எரிவாயுவும் இருக்கிறது என்று மதிப்பிட்டு எழுதிக் கொடுப்பவன். பார்க்காமலே எப்படிச் சொல்கிறாய் என்று என் மனைவி கல்யாணமான புதிதில் கேட்பாள். சுற்றி இருக்கிற கிணறுகளில் கருவி இறக்கி எடுத்த அலைகோடுகள் என்னிடம் இருக்கும். மணற்பாறை எங்கே தடிமன், எங்கே மெல்லிசு என்று அவற்றில் படிப்பேன். ஒரே தடிமன் உள்ள இடங்களைக் கோட்டால் இணைப்பேன். அந்தக் கோடுகளுக்குள் விழுகிற இடமெல்லாம் இருப்புக் கணக்கில் சேரும். அதை நம்பித்தான் பாங்க் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்.

யான்சென் நிலம் வாஷிட்டா ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. கோதுமை வயல், கொஞ்சம் மாடுகள், பழைய மர வீடு. மென்னோ யான்செனும் அவர் மனைவி வெல்டாவும் மட்டும்தான். நிலத்தைப் பார்க்க முதல்முறை போனபோதே என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். அதன்பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அங்கேதான் சாப்பாடு. பெரிய உருண்டையின் தலையில் சின்ன உருண்டை உட்கார்ந்திருக்கும் அவர்கள் ஊர் ரொட்டியை வெல்டா மாதிரி யாரும் சுட முடியாது.

"வாய்யா கல்லு டாக்டரே," என்பார் மென்னோ. "இன்னிக்கு எங்க நாடி பிடிக்கப் போறே?"

"அவரச் சாப்பிட விடுங்க," என்பாள் வெல்டா. "கல்லையே பாத்துப் பாத்து ஆளே காஞ்சு கருவாடாப் போயிருக்காரு."

அந்த நிலத்தில் இருந்த பழைய எண்ணெய்க் கிணற்றைப் பற்றி எனக்குச் சொன்னதும் அவர்கள்தான். மாநிலப் பதிவில் 'யான்சென் நிலம், வறண்டது' என்று ஒரே வரி இருந்தது. எந்த மூலை என்று இல்லை. நான் கேட்டதும் மென்னோ சிரித்துவிட்டார்.

"நீ அது மேலதான்யா கைகழுவிட்டு வந்தே. எங்கப்பாவப் பெரிய பணக்காரனாக்குறோம்னு துளை போட்டானுங்க. ஒரு மண்ணும் வரல. வேலிக் கம்பு, வைக்கோலு, செத்த கோழி எல்லாத்தையும் போட்டு அடைச்சிட்டு ராவோட ராவா ஓடிட்டானுங்க. அப்பா கோவத்துல அது மேலயே துணி தொவைக்கிற ரூமக் கட்டிட்டாரு."

"அழுக்குத் தண்ணியாவது அவனுங்க தலைல ஊத்துவோம்னு," என்றாள் வெல்டா.

நானும் சிரித்தேன். அவர்கள் இருவரையும் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வறண்ட கிணற்றுக்கு எங்கள் தொழிலில் ஒரு குறி உண்டு. ஒரு சின்ன வட்டம், நாலு பக்கமும் நாலு சின்னக் கோடு. அதை யான்சென் வீடு இருக்கும் இடத்தில் போட்டேன். போட்டதும் என் வரைபடம் கெட்டுப்போனது. சுற்றிலும் அலைகோடுகள் அத்தனையும் தடித்த பாறை, நிறைய வாயு என்று சொல்லும்போது நடுவில் ஒரு பூஜ்யம். கோடுகளெல்லாம் அதைச் சுற்றி வளைந்து, யாரோ கடித்த பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது. தெற்குப் பக்கம் முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

கம்பெனியின் மேனேஜர் கிளிஃப்டன் எய்ம்ஸ் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நீதான் எழுதணும், டாயல். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பாங்க்காரன் இந்தக் குறியப் பாத்தான்னா பாதிய வெட்டித் தூரப் போட்டுடுவான்."

அவர் மேல் பழி போடாதீர்கள். அந்தக் குறியை எடு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. பணத்துக்காகவும் நான் செய்யவில்லை. கிணறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு அதே கூலிதான்.

அந்தக் கிணறு வறண்டதல்ல, அவ்வளவுதான். அந்தக் காலத்து ஆட்கள் கனமான சேற்றைக் குழம்பாக ஊற்றித் துளை போடுவார்கள். அந்தச் சேறு பாறையின் வாயை அடைத்துவிடும். உள்ளே இருக்கிற வாயு வெளியே தலைகாட்டாது. அவசரக்குடுக்கைகள் ஒருநாள் பார்த்துவிட்டு வறண்டது என்று எழுதிப் போய்விட்டார்கள். யாரோ ஒரு முட்டாள் எழுதிய ஒரு சொல்லுக்காக நான் படித்த படிப்பை நானே பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா? ரப்பரை எடுத்து அழித்தேன். கோடுகள் நேராக ஓடின. பார்க்க அழகாக இருந்தது.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். துளையிடுகிறவர்கள் பாறையைத் தண்ணீர் அழுத்தத்தால் உடைப்பதற்கு முன்னால், பக்கத்தில் பழைய கிணறு இருந்தால் அதைத் தேடிப்பிடித்து அடிவரை சிமென்ட் ஊற்றி அடைப்பார்கள். இல்லையென்றால் அழுத்தம் அந்த வழியாக மேலே ஏறும். என் வரைபடத்தை வைத்துத்தான் அவர்கள் தேடுவார்கள். தெரியும். தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

எலும்பைத் துளைக்கிற குளிர், இங்கே பிப்ரவரி அப்படித்தான். யான்சென் வீட்டுக்குப் பக்கத்தில் கம்பெனி போட்ட புதுக் கிணற்றில் பாறை உடைக்கத் தொடங்கியிருந்தார்கள். வெல்டா போன் செய்தாள். எண்ணெய்த் தொழிலில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"டாயல், குழாத் தண்ணி சோடா மாதிரிப் பொங்குது. துணி தொவைக்கிற ரூம்ல மண்ணெண்ண வாடை. எனக்கு ரெண்டு நாளா மண்டையிடி. வந்து ஒரு பார்வ பாத்துட்டுப் போயேன்."

போனேன். வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. மென்னோ கோட்டும் தொப்பியுமாகச் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"பாருய்யா கூத்த," என்றார். "வீட்டுக்குள்ள எனக்கு மூக்கு ஒறஞ்சு போச்சு. காத்து வேணுமாம் மகாராணிக்கு."

துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தரையில் ஒரு விரிசல். அதன்மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தேன். குமிழிகள் வந்தன. நிற்காமல், ஒரே சீராக, பெரிது பெரிதாக வந்தன. எனக்கு என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்டால் மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். முட்டி போட்டபடி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்யம் என்றார்களே, அந்த இடத்திலிருந்து வருகிறது.

அப்போதே சொல்லியிருந்தால் அவர்களை வெளியேற்றியிருப்பார்கள். கூடவே வேலையையும் நிறுத்தியிருப்பார்கள். என் தெற்குப் பக்கம் சோதிக்கப்படாமலே செத்திருக்கும், அந்தப் பழைய சொல்லே நிலைத்திருக்கும். இன்னும் கொஞ்ச நாள்தான் தேவைப்பட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வரும் வாடைதான், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். வெல்டாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"அப்ப ஜன்னல மூடலாமா?" என்று கேட்டார் மென்னோ.

வெல்டா என்னைப் பார்த்தாள். அவள் கணவர் பேச்சைக் கேட்கிறவள் அல்ல. என் பேச்சைத்தான் கேட்பாள்.

"மூடிக்கோங்க," என்றேன். "இந்தக் குளிர்ல எதுக்குத் தெறந்து வெச்சிருக்கீங்க?"

ஒவ்வொரு ஜன்னலாக மூடினாள். சமையலறை ஜன்னல் இறுகியிருந்தது, நான்தான் அழுத்தி மூடிக் கொடுத்தேன். போகும்போது துணியில் ரொட்டி கட்டிக் கொடுத்தாள். காரில் வரும்போது அந்தக் குமிழிகளின் வேகத்தையும் அறையின் நீள அகலத்தையும் வைத்து மனக்கணக்குப் போட்டேன். பழக்கம், வேறொன்றுமில்லை. காலையில் முதல் ஸ்விட்சைப் போடும்போது காற்றில் போதுமான அளவு வாயு சேர்ந்திருக்கும் என்று வந்தது. கணக்கைத் திரும்பவும் சரிபார்த்தேன். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் போன் வரும்போது நான் முகம் மழித்து, சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தேன். மென்னோ கன்றுகளுக்குத் தீனி வைக்கக் கொட்டகைக்குப் போயிருந்ததால் பிழைத்துக்கொண்டார். வெல்டா துணி போடப் போயிருக்கிறாள், ஸ்விட்சைப் போட்டதும் வீடு வெடித்துவிட்டது.

அடக்கத்தில் மென்னோ என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "ராத்திரி அவளுக்குத் திரும்பவும் மண்டையிடி வந்துச்சு, கல்லு டாக்டரே. ஒரு ஜன்னலயாவது தெறக்கட்டுமான்னேன். டாயல் மூடச் சொல்லியிருக்காரு, அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்னுட்டா." அதைக் கேட்டு நான் அழுதேன். என்னை அவ்வளவு நம்பிய ஆள் வேறு யாரும் கிடையாது.

ஆமாம், மேடம், வெல்டா யான்செனைக் கொன்றது நான்தான். விபத்து என்று என் வக்கீல் எழுதித் தருவதில் கையெழுத்துப் போட மாட்டேன். கணக்குத் தப்பியிருந்தால் அது விபத்து. என் கணக்கு தப்பவில்லை.

பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாநிலப் பதிவில் அந்தக் கிணறு இன்னும் வறண்டது என்றுதான் இருக்கிறது. ஒரு வீடே பறந்துபோன பிறகும் அப்படி எழுதி வைத்திருப்பது வெல்டாவுக்கே அவமரியாதை இல்லையா? வரைபடத்தைக் கொண்டுவாருங்கள், எரிவாயுக் கிணற்றுக்கு உரிய குறியை நானே போட்டுத் தருகிறேன். பிளேடு தர மாட்டீர்கள், தெரியும். சிவப்புப் பென்சிலை நீங்களே சீவிக் கொடுத்தால் போதும்.