இருபத்தொரு மாத்திரை

நர்ஸ்: மறுபடியும் கேக்குறேன். இருபத்தொரு மாத்திரையும் உள்ள போச்சா, இல்லையா?

மனைவி: டப்பா காலிங்க சிஸ்டர்.

நர்ஸ்: டப்பாவ யாரு கேட்டா? ஸ்கேன்ல ஒரே ஒரு கருமுட்டை மட்டும் முந்திக்கிட்டு நிக்குது. மத்ததெல்லாம் பொடிப்பொடியா...

கணவன்: ஒண்ணு இருக்குல்ல? ஊசியப் போட்டு விடுங்க, மத்ததும் வளந்துடும்.

நர்ஸ்: வளராது அண்ணா! உடம்புல தானா ஊறுற ஹார்மோன அந்த மாத்திரை அடக்கி வெக்கணும். அப்புறம் ஊசி போட்டாத்தான் எல்லாம் ஒண்ணாக் கிளம்பும். அடக்காமப் போட்டா ஊசி வீண். இந்த மாசம் வேணாம்னுட்டாங்க டாக்டர்.

கணவன்: வேணாமா? மூணாவது தடவைம்மா இது...

நர்ஸ்: அதான் கேக்குறேன். இவங்க முழுங்கினது என்ன?

மனைவி: டப்பாதான் காலியாச்சே சிஸ்டர்...

கணவன்: அவள விடுங்க. அது சத்து மாத்திரை.

மனைவி: என்னது?

கணவன்: மூணாம் நாளே மாத்தி வெச்சுட்டேன். ரெண்டும் வெள்ளை, ஒரே அளவு...

நர்ஸ்: கடவுளே! எதுக்கு?

கணவன்: டப்பாக்குள்ள இருந்த தாள எழுத்துக்கூட்டிப் படிச்சேன். கருத்தடை மாத்திரைன்னு போட்டிருக்கு! பிள்ளை வேணும்னு வந்தவளுக்கு அதையா குடுப்பாங்க? மருந்துக் கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்னு...

நர்ஸ்: ஹார்மோன அடக்குறதே அந்தக் கருத்தடை மாத்திரைதான் அண்ணா! வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?

மனைவி: நீங்க நாப்பது வயசுல எழுத்துக் கத்துக்கிட்டது இதுக்குத்தானாக்கும்!

கணவன்: நீ பயந்துடுவியோன்னு...

நர்ஸ்: போதும்டா சாமி. இருங்க, டாக்டர்கிட்ட சொல்லிட்டு வரேன்.

கணவன்: ஏம்மா... திட்டவாவது செய்யேன்.

மனைவி: வாய் வரல.

கணவன்: என்னாலதான் போச்சு. நீ பட்ட பாடெல்லாம்... இரு, உள்ள போய் டாக்டர் கால்ல விழறேன். இந்த மாசமே எப்படியாவது...

மனைவி: உக்காருங்க.

கணவன்: விடு கைய!

மனைவி: உக்காருங்கன்னேன். நீங்க மாத்தாம இருந்திருந்தாலும் நடந்திருக்காது.

கணவன்: ஏன்?

மனைவி: மாத்திரை தவறினா ஊசி கிடையாதுன்னு போன தடவையே சொன்னாங்கல்ல... முதல் நாள்லேர்ந்து தினம் ஒண்ணா பாத்திரம் கழுவுற தொட்டியிலதான் போட்டேன். வயித்துல இனி ஊசி குத்த இடமில்லங்க. ஒரு மாசம்... ஒரே ஒரு மாசம் சும்மா இருக்கணும்னு தோணுச்சு.