பேசாத வகுப்பு

இல்லக்கா, எம் பையன் பொறந்தப்போ அழுதது அழுகையே இல்ல. எண்ணெய் போடாத கத்திரியத் தெறந்தா வருமே, கீச்சுன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். இன்னும் காதுலயே நிக்குது. தலைய ஆட்டாதீங்க, அப்புறம் ஒரு பக்கம் முடி ஏறிடும்.

ரெண்டு மாசம் முன்னாடியே வந்துட்டான். என்ன அவசரமோ தொரைக்கு. டாக்டர் சொன்ன தேதில வந்திருந்தா அடுத்த வருஷம்தான் எல்.கே.ஜி. முந்திக்கிட்டு வந்ததால, பள்ளிக்கூடத்துக் கணக்குப்படி இந்த வருஷமே வயசு ஆயிடுச்சு. சேக்கறதா, ஒரு வருஷம் கையோட வச்சுக்கறதா? ஒரு மாசமா வீட்ல இதே பேச்சு.

எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டறவராச்சே. இத விட்டா, பின்னாடி வர்ற பஸ்லதான் ஏறணும்ங்கறார். பின்னாடி வர்றதுல உக்கார எடமாவது கெடைக்குமேன்னு நான்.

சிரிக்கறீங்க, கண்ணாடில தெரியுது.

சட்டைக்குப் பட்டன் போடத் தெரியாதுக்கா அவனுக்கு. பாதி தெறந்து கெடக்கும். கேட்டா, காத்துக்கு விட்டிருக்கேன்ம்பான். ஷூவ எடம் மாத்திப் போட்டுட்டு, ரெண்டுக்கும் சண்ட, அதான் ஆளுக்கொரு பக்கம் பாக்குதுங்கறான். அவன் வயசுப் பசங்க பக்கத்துல நிறுத்தினா ஒரு தல கம்மி. எவனாவது லேசா இடிச்சாக்கூட விழுந்துடுவான்.

நீங்களும் ஒரு வருஷம் போகட்டும்ங்கறீங்களா? நானும் அப்படித்தான் முடிவு பண்ணேன். அவரும், சரி, உன் இஷ்டம்னுட்டார்.

அந்த அலமாரில பொம்மத் தலைங்க இருக்கு பாருங்க. வேலைக்குப் புதுசா வர்ற பொண்ணுங்க வெட்டிப் பழக வாங்கினது. போன வாரம் ஒரு அம்மாவுக்கு சாயம் வச்சிட்டிருக்கேன், பின்னாடி ஒரே அதட்டல். நாலு தலையையும் தரைல வரிசையா வச்சுப் பள்ளிக்கூடம் நடத்தறான். அதுல சுருட்டைன்னு ஒண்ணு. வீட்டுப்பாடம் எழுதலயாம், முட்டி போடுங்கறான். வெறும் தல, முட்டிக்கு எங்க போகும்? நான் சிரிச்ச சிரிப்புல, சாயம் அந்தம்மா காதுல.

அப்புறம் பாத்தா, சத்தமே இல்ல. என்னடான்னு திரும்பினேன். தரையோட தரையா குனிஞ்சு, சுருட்டைகிட்ட ரகசியமா கெஞ்சிட்டிருக்கான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஒரே ஒரு வார்த்த பேசேன்ங்கறான். சொல்லிட்டு அது வாய்கிட்ட காத வச்சுக்கிட்டு இருக்கான்க்கா. ரொம்ப நேரம். பதில் வரும்னு.

நான் சாய பிரஷ்ஷ அந்தம்மா தலையிலயே வச்சபடி நிக்கறேன். அந்தம்மாதான், போதும்மா, நெத்தியெல்லாம் வழியுதுன்னாங்க.

கொஞ்சம் குனிங்க, பின் கழுத்து இருக்கு. ஒரு பக்கம் ஏறியிருக்கா? ஆமா, லேசா. சரி பண்ணிடறேன்.

ஆமாக்கா, கட அமைதியாத்தான் இருக்கு. பதில் பேசற பசங்களோட இருக்கட்டும்னு, காலைல நானே பள்ளிக்கூடத்துல கொண்டு போய் சேத்துட்டு வந்துட்டேன். பட்டன் இன்னும் போடத் தெரியாது. வாசல்ல என் கைய உதறிட்டு உள்ள போனான். திரும்பிப் பாக்கல.