றோஸி கழுவிய கப்பல்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு எடுத்தவர்கள் எல்லோரும் காற்றைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் காற்று பிடிப்பதில்லை. அதில் உப்பும் ஈரமும் இருக்கிறது. மரத்துக்கு அது ஆகாது.

நான் பிளாஸ்டிக்கில் மாதிரிப் போர்க்கப்பல்கள் செய்கிறவன். அது தொழில் அல்ல. ஒரு கணக்காய்வு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். கப்பல்கள் என் சொந்தச் சந்தோஷம். மேல்தளத்துக்கு வர்ணம் அடித்து மரம்போலக் காட்டுவது பலருடைய வழக்கம். நான் உண்மையான மரமே ஒட்டுவேன். தாளளவு மெல்லியதாகச் சீவிய மரத்தகடு, பலகைக் கோடுகள் கீறி, அடியில் பசையோடு வெளிநாட்டிலிருந்து வரும். பசையை மூடிய தாளைக் கப்பலின் முன்முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, பீரங்கித் துளைகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்த்து, விரலால் அழுத்திக்கொண்டே போகவேண்டும். ஒட்டினால் ஒட்டினதுதான். பிறகு பலகை இடுக்குகளில் மண்ணிறச் சாயம் பூசினால், பல காலம் கடலில் ஓடிய கப்பல் ஆகிவிடும்.

அந்தச் சாயத்தைத்தான் றோஸி அழுக்கு என்று நினைத்தார்.

றோஸி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து எங்கள் வீட்டைத் துப்புரவாக்குகிறவர். நல்ல மனுசி. நான் வெளியே போயிருந்த ஒரு நாள், மேசையில் இருந்த ஒரு கப்பலைச் சவர்க்கார நுரைத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவும் வைத்திருந்தார். நான் வந்தபோது தளம் பொரித்த பப்படம்போலக் கிளம்பி நின்றது.

"ஊத்தையா இருந்திச்சு ஐயா, அதான் கழுவினேன். பழுதாப் போச்சா?"

"பரவாயில்லை றோஸி," என்றேன். "அம்மாவுக்குச் சொல்லவேண்டாம். அவ உங்களை ஏசுவா."

அவர் கண் கலங்கிவிட்டது. அம்மா என்றது என் மனைவி சாம்பவியை. அவள் பம்பலப்பிட்டியில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். நானும் அவளிடம் ஒன்றும் சொல்லாமல், கப்பலைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

வேறு ஆட்கள் என்றால் கத்தி, வேலையை விட்டு நிறுத்தியிருப்பார்கள். கோபத்தில் செய்கிற எதுவும் சரியாக வராது. நான் அதே தளத்தை இன்னொரு தடவை எடுப்பித்தேன். வந்து சேர மாதக்கணக்கானது. அதுவரை றோஸி போட்டுத் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டுதான் இருந்தேன். பழையதைச் சுரண்டி, புதியதை ஒட்டி, சாயமும் பூசி, கப்பலைக் கண்ணாடி அலுமாரிக்குள், மற்றக் கப்பல்களுக்குப் பின்னால் வைத்த பிறகுதான் மற்ற வேலையைத் தொடங்கினேன்.

என்னிடமிருந்த பெறுமதியான ஒன்றை அவர் கெடுத்தார். அவரிடமும் பெறுமதியான ஒன்று இருந்தது: வீட்டுக்காரர் கதவுத் திறப்பை நம்பிக் கையில் கொடுத்துவிட்டுப் போகிற பெயர்.

சாம்பவி ஒரு கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட நாளில், அவளுடைய தங்கக் காப்பு ஒன்றை எடுத்து, றோஸியின் பைக்குள் மாற்றுச் சட்டையில் சுற்றி வைத்தேன்.

சாம்பவி வீடெல்லாம் தேடினாள். றோஸியும் கட்டிலுக்கடியில் குனிந்து தேடினார். பொலிஸுக்குச் சொல்வோம் என்றது நான்தான்.

"றோஸியக்கா அப்பிடியான ஆள் இல்லையப்பா," என்றாள் சாம்பவி.

"அப்ப அவவுக்கும் அது நல்லதுதானே," என்றேன்.

வந்த பொலிஸ் சார்ஜன்ட் றோஸியின் பையைக் கொட்டினார். சட்டை விரிந்து, காப்பு நிலத்தில் உருண்டு போய்ச் சுவரில் முட்டி விழுந்தது.  றோஸி காப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அன்னைக்குக் கப்பலக் கழுவினேனே ஐயா," என்றார் மெதுவாக. "அந்தக் கோவமா?"

சாம்பவி என் பக்கம் திரும்பினாள். "எந்தக் கப்பல்? என்னப்பா சொல்லுறா?"

சார்ஜன்டுக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும் போலிருந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டு அவரும் என்னைப் பார்த்தார். நான் சத்தம் போட்டு மறுத்திருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் கெட்டிருக்கும். அலுமாரியைத் திறந்து, கப்பலைத் தூக்கி மேசையில் வைத்தேன்.

"இந்தக் கப்பலோ றோஸி? நீங்களே பாருங்கோ."

றோஸி குனிந்து பார்த்தார். கோடுகள் நேராக இருந்தன, சாயம் இடுக்குகளில் அப்படியே இருந்தது, ஓர் ஓரம்கூடக் கிளம்பவில்லை. தொடுவதற்கு விரலை நீட்டியவர் இழுத்துக்கொண்டார்.

"கழுவினேன்தானே ஐயா?" இம்முறை அவர் உண்மையாகவே என்னிடம் கேட்டார்.

"இல்லை," என்றேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறைக்குப் போகாமல் தப்பலாம் என்று றோஸியின் சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். றோஸி ஒப்புக்கொண்டார். ஒத்திவைத்த தண்டனைதான் கிடைத்தது. அவர் வேலை செய்த மற்ற வீடுகளும் அவரை நிறுத்திவிட்டன. அதற்கு நான் பொறுப்பல்ல. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

போன கிழமை எங்களைத் தேடி வந்தார். நன்றாக மெலிந்துவிட்டார். சாம்பவி கூப்பிட்டும் வாசலைத் தாண்டி வரவில்லை.

"ஐயா பொய் சொல்ற ஆள் இல்ல," என்றார். "எனக்குத்தான் மண்ட சரியில்ல போல. செய்யாதத செஞ்சேன்னு நெனக்கிறேன். செஞ்சது ஞாபகத்துல இல்ல. காப்ப நான்தான் எடுத்திருப்பேன். மன்னிச்சிருங்க ஐயா."

சாம்பவி அழுதாள். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து ஒரு கடுஞ்சொல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் றோஸியை மன்னித்தேன்.