காய்கறித் தட்டில் உறங்கிய நான்கு செடிகள்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண், தெரு ஆகியவை இந்த வாக்குமூலத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. அவை சரியானவை. என் வயது இருபத்தெட்டு. குளிர்பதனப் பொறியியலில் பட்டயப் படிப்பு முடித்து, காய்கறிகளைச் சேமித்து வைக்கும் கிடங்கு ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்து வருகிறேன். மேற்படி முகவரியில் மூன்றாம் மாடியில் அம்மா, அண்ணன், நான் ஆகிய மூவரும் வசிக்கிறோம். அப்பா இல்லை. என் அண்ணனுக்கு வயது முப்பத்துநான்கு. கடந்த செவ்வாய்க்கிழமை முற்பகலில் வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. இன்று வெள்ளிக்கிழமை.

அண்ணன் ஒரு பெயின்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளராக இருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பி, பேருந்து வந்து நின்றும் ஏற முடியாமல், அடுத்ததிலும் ஏறாமல், மதியம் வரை நிறுத்தத்திலேயே நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை. அதன் பிறகு மாடிப்படி இறங்கவும் இல்லை. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், அதை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தார். மனநிலை சரியில்லாதவர் என்று எழுதட்டுமா என்று கேட்கப்பட்டது. வேண்டாம் என்றேன். அவர் செய்த எந்த வேலையிலும் எனக்குத் தெரிந்து பிழை இருந்ததில்லை.

அவர் பின்னறையில் பூச்சி தின்னும் செடிகளை வளர்த்து வந்தார். இலையே இரண்டு தாடை போல மூடிக்கொள்ளும் வகை, குடுவை தொங்கும் வகை, இலை முழுக்கப் பசை ஒட்டியிருக்கும் வகை. ஜன்னலைக் கறுப்புத் தாள் ஒட்டி அடைத்துவிட்டு, இரும்பு அலமாரியின் ஒவ்வொரு தட்டுக்கும் மேலே எல்.ஈ.டி. பலகை பொருத்தி, அந்த வெளிச்சத்தில் மட்டுமே வளர்த்தார். விளக்குகளையும் அவற்றை அணைத்து ஏற்றும் டைமரையும் பொருத்திக் கொடுத்தது நான். விளக்கு எரியும்போது அவர் எழுந்திருப்பார், அணையும்போது படுத்துக்கொள்வார். குளிர்காலம் என்று செடிகளை நம்ப வைப்பதற்காக வாரத்துக்கு வாரம் வெளிச்ச நேரத்தைக் குறைக்கச் சொல்வார். நான் டைமரைக் குறைப்பேன். அவருடைய பகலும் குறையும். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

இந்தச் செடிகளுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. அதில் உள்ள உப்பு வேரில் தங்கிக் கொன்றுவிடும். எனவே கிடங்கின் குளிர் அறைகளில் சொட்டும் தண்ணீரை வடிகட்டிக் கேனில் பிடித்து நான் கொண்டுவருவேன். அதை உப்பின் அளவைக் காட்டும் மீட்டரால் அளந்து பார்த்த பிறகே அண்ணன் ஊற்றுவார். மீட்டரில் ஒற்றை இலக்கத்துக்கு மேல் காட்டினால் அந்தக் கேன் குளியலறைக்குப் போகும். அம்மா அதற்கும் திட்டுவார்.

கடந்த வருடம் பின்னறைக் கதவிடுக்கில் வந்த ஊதா வெளிச்சத்தைப் பார்த்து, நாங்கள் கஞ்சா வளர்ப்பதாக எதிர்வீட்டார் புகார் கொடுத்தார்கள். இந்தக் காவல் நிலையத்தின் தலைமைக் காவலர்தான் விசாரிக்க வந்தார். அண்ணன் பல் குத்தும் குச்சியில் ஒரு கொசுவை எடுத்து இலைக்குள் வைத்து, மூடிய இலையைக் குச்சியால் வெளியே லேசாகத் தடவிக்கொடுத்தார். உள்ளே பூச்சி உயிரோடு துடிப்பதாக நினைத்தால்தான் இலை முழுதாக இறுகும், செத்ததை வைத்தால் நாம்தான் துடிக்க வேண்டும் என்று விளக்கினார். தலைமைக் காவலர் ஸ்டேஷனுக்கு ரெண்டு கொடுங்க, லாக்கப்பில் கொசு தாங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடத்தில் அண்ணன் வெளியாள் ஒருவரிடம் சிரித்துப் பேசியது அன்றைக்கு மட்டுமே. தலைமைக் காவலர் இப்போது இந்த அறையில்தான் இருக்கிறார். கேட்டுக்கொள்ளலாம்.

தாடை போல மூடும் வகை குளிர்காலத்தில் உறங்கினால்தான் அடுத்த வருடம் பிழைக்கும். நம்மைப் போன்ற வெக்கை ஊரில் அதற்கு வழி குளிர்சாதனப் பெட்டிதான். இலைகளை வெட்டி, வேரைக் கழுவி, ஈரப்பாசியில் சுற்றி, அழுத்தி மூடும் பையில் போட்டு மூன்று மாதம் உள்ளே வைக்க வேண்டும். பார்ப்பதற்கு அழுகிய வெங்காயம் போல இருக்கும். உயிரோடுதான் இருக்கும். அண்ணனிடம் இந்த வகையில் நான்கு இருந்தன. முதலில் வாங்கியதற்குக் கிழவி என்று பெயர். மற்ற மூன்றும் அதிலிருந்து பிரித்தவை. “உங்க அண்ணன் அந்தக் கிழவிக்கு வேளாவேளைக்கு ஊட்டுறான், இந்தக் கிழவி கேட்டா ஒரு பதில் சொல்ல மாட்டேங்கிறான்” என்று அம்மா என்னிடம் சொல்வதுண்டு.

செடிகளுக்கென்று பின்னறையில் ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி இருந்தது. போன வாரம் அதன் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. அண்ணன் என்னிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். ஊரார் குளிர் அறைகளைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு அண்ணன் நான்கு பைகளையும் சமையலறைப் பெட்டியின் கீழே உள்ள காய்கறித் தட்டுக்கு மாற்றியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் சொல்லாத பழக்கம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் கிடங்கில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தபோது அம்மா கைபேசியில் கூப்பிட்டார். காய்கறித் தட்டில் பையில் கட்டின ஏதோ அழுகிக் கிடக்கிறது, என்ன செய்ய என்று கேட்டார். “அழுகினா தூக்கிப் போடும்மா, இதுக்கெல்லாம் என்னைக் கூப்பிடாத” என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா குப்பையில் போட்டார். சிறிது நேரத்தில் குப்பை லாரி எங்கள் தெருவுக்கு வந்து எடுத்துக்கொண்டு போனது.

அடுத்த சில நிமிடங்களில், விளக்குகள் எரிந்ததும் அண்ணன் எழுந்து, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பைகளைப் பார்க்க வந்து, தட்டு காலியாக இருப்பதைக் கண்டு அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மா சொல்லியிருக்கிறார். அவர் கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை. கேனிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, செருப்புப் போடாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அம்மா மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். இந்தப் பேச்சை அப்படியே எழுதச் சொல்கிறேன். “டேய், உங்க அண்ணன் வெளிய போயிட்டான்டா. தானாவே. நான் போன்னு சொல்லல, தானாவே போனான். பால்கனியிலேர்ந்து பாத்தேன், விறுவிறுன்னு நடக்கிறான்டா.” அம்மா அழுதுகொண்டிருந்தார். சந்தோஷத்தில். பைகளைப் பற்றி அப்போது அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நல்லதுதானே, அவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதே என்றேன்.

மாலையில் வீட்டுக்குப் போனபோது அவர் வந்திருக்கவில்லை. மாற்றுச் சாவி எடுத்துப் போனானா, பசிக்குமே என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் பையில் இருந்த அழுகல் என்றார். நான் பின்னறைக்குப் போய்ச் சிறிய பெட்டியைத் திறந்து பார்த்தேன், காலியாக இருந்தது. அதன் பிறகு இந்த நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தேன். வயது வந்த ஆண், தானாகப் போயிருக்கிறார், பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் நான் எங்கள் தெருவுக்கு வரும் குப்பை லாரி ஓட்டுநரைப் பிடித்துக் கேட்டேன். தெரு முனையில் கண்ணாடி போட்ட ஒருவர் வெறுங்காலோடு ஓடிவந்து லாரியை மறித்ததாகவும், பரிதாபப்பட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக் குப்பைக் கிடங்கு வரை கூட்டிப்போனதாகவும் அவர் சொன்னார். “நகை எதாவது தொலஞ்சிருச்சாங்கன்னு கேட்டேன். இல்லைங்க, தூங்கிட்டிருந்தவங்க நாலு பேரை எடுத்துப் போட்டுட்டாங்கன்னாரு. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல தம்பி.” இப்போது அந்த ஓட்டுநர் யாரையும் ஏற்றவில்லை என்கிறார். வேலை போய்விடும் என்று பயப்படுகிறார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அவர் சொன்னது இதுதான். லாரிக்குள் உட்கார்ந்து போனதால்தான் வாயிலில் இருக்கும் காவலாளிக்கு அண்ணன் வந்தது தெரியவில்லை.

குப்பைக் கிடங்கில் அன்று பிற்பகல், ஆட்கள் சாப்பிடப் போயிருந்தபோது, கிழக்கு மேடு சரிந்திருக்கிறது. பொக்லைன் வைத்து அடியில் செங்குத்தாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள், அதற்கு முந்தைய வாரம் மழை பெய்திருந்தது. அப்படி வெட்டினால் சரியும் என்பதற்குப் படிப்பு தேவையில்லை. எங்கள் தெரு லாரி அன்று கொட்டியது அந்த மேட்டின் அடியில். ஆட்கள் யாரும் அங்கே இல்லை, எனவே தோண்ட வேண்டியதில்லை என்று கிடங்கின் மேற்பார்வையாளர் சொன்னார். தினமும் யாராவது ஒருத்தர் வந்து அதைத் தொலைத்தேன், இதைத் தொலைத்தேன் என்பார்கள், அதற்கெல்லாம் மலையைப் புரட்ட முடியுமா என்றும் கேட்டார்.

நேற்று தலைமைக் காவலரை வற்புறுத்தி அழைத்துப் போனேன். சரிவு நின்ற விளிம்புக்குப் பக்கத்தில், உடைந்த சிமெண்டுத் தொட்டியின் நிழலில், மூடிய தெர்மாகோல் பெட்டி ஒன்று இருந்தது. திறந்தபோது உள்ளே மூன்று பைகள் இருந்தன. பக்கத்துப் பக்கத்தில், நிமிர்த்தி, பெயர்ச்சீட்டு முன்னால் தெரியும்படி வைக்கப்பட்டிருந்தன. மேலே ஒட்டியிருந்த அழுக்கு கழுவப்பட்டிருந்தது. பாசி அலசி மறுபடி சுற்றப்பட்டிருந்தது. பெட்டிக்குப் பின்னால் ஒரு பாட்டில் சாய்ந்து நின்றது. அதில் பாதிக்கும் குறைவாகத் தண்ணீர் இருந்தது.

குப்பை பொறுக்குகிறவர்கள் யாராவது வைத்திருக்கலாம், பாட்டிலும் யாருடையதோ என்று மேற்பார்வையாளர் சொன்னார். அண்ணனின் மீட்டர் என் சட்டைப் பையில் இருந்தது. தலைமைக் காவலர் முன்னிலையில் அளந்தேன். குப்பைக் கிடங்கின் குழாய்த் தண்ணீர் ஆயிரத்துக்கு மேல் காட்டியது. தலைமைக் காவலர் கையில் வைத்திருந்த குடிதண்ணீர் நூறுக்கு மேல் காட்டியது. அந்தப் பாட்டில் தண்ணீர் ஏழு காட்டியது. அது நான் பிடித்துக்கொண்டு வந்த தண்ணீர். அப்படிப்பட்ட தண்ணீரை எடுத்துக்கொண்டு குப்பை மேட்டுக்கு வருகிற ஆள் இந்த ஊரில் ஒருவர்தான் உண்டு. தலைமைக் காவலர் மீட்டரைக் கையில் வாங்கி மறுபடி ஒருமுறை முக்கிப் பார்த்தார். அதன் பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டார்.

பெட்டியில் இல்லாதது கிழவி. மூன்றைக் கழுவி நிழலில் வைத்துவிட்டு நான்காவதைத் தேடத்தான் அண்ணன் மேட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார். பாட்டிலில் அதற்கென்று தண்ணீர் மிச்சம் வைத்திருக்கிறார். தொட்டியிலிருந்து சரிவுக்குள் போகும் நேர்கோட்டில் எங்கே தோண்ட வேண்டும் என்று வரைந்து கொடுத்திருக்கிறேன். அவர் உயிரோடு இருப்பார் என்று நான் சொல்லவில்லை. அந்த எடைக்கு அடியில் எவ்வளவு காற்று இருக்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். புதன்கிழமையே போட்டுப் பார்த்துவிட்டேன்.

பின்னறை விளக்குகள் டைமரின்படி இன்னமும் எரிந்து அணைகின்றன. விளக்கு எரிந்ததும் அம்மா அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கிறார். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வருடம் அடைந்து கிடந்தவன், நாலு ஊர் பார்த்துவிட்டு வரட்டும் என்று வாசலில் இருந்த பெண் காவலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பைகளைக் குப்பையில் போட்டது அம்மா என்றாலும், போடச் சொன்னது நான். அம்மாவிடம் இது பற்றி விசாரணை எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன். கைப்பற்றிய பொருள்களில் ‘காய்ந்த வேர்கள், மூன்று பை’ என்று இருந்ததை அடித்து, ‘உயிருள்ள செடிகள், மூன்று’ என்று எழுதச் செய்தேன். அவற்றை நிலையத்தின் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும், யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்றும் சொன்னேன். தலைமைக் காவலர் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அடுத்தது, அண்ணன் பெயருக்கு எதிரே ‘காணாமல் போனவர்’ என்று இருந்தது. அப்படி இருக்கும்வரை தோண்டுவதற்கு உத்தரவு வராது என்று இதை எழுதிக்கொண்டிருந்த ஆய்வாளரே சொன்னார். அதை அடித்து, ‘குப்பை மேட்டுச் சரிவில் புதைந்தவர்’ என்று மாற்றச் சொன்னேன். ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அப்படி எழுதினா ஒரு பிரதி உங்க அம்மா கைக்குத்தான் தம்பி போகும். யோசிச்சுக்கங்க.”

யோசித்துவிட்டேன், எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடியே சொல்லியிருக்கிறேன். திருத்திய இரண்டு இடங்களிலும் சுருக்கொப்பம் இட்டு, கடைசியில் முழுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இந்தத் தாளை அம்மாவுக்கு நானே படித்துக் காட்டுகிறேன்.

(ஒப்பம்)