நைனா குறைத்த அரை மார்க்

காலை எட்டு மணிக்கு நகரியிலிருந்து கிளம்பிய திருப்பதி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் சீறினாள்.

“உனக்குத் தெலுங்குல ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. நீ எப்டி நைனா எனக்கு மார்க் போட்ட?”

பள்ளிச் சீருடை, மடியில் ஹால் டிக்கெட், கையில் சிவப்பு மையால் திருத்திய தாள். புத்தூரில் இறங்கிப் பத்தாம் வகுப்பு பிசிக்ஸ் பரீட்சை எழுதப் போகிறவள். பக்கத்தில் அவள் அப்பா. தலைமயிரில் தறிக்கூடத்துப் பஞ்சு.

“உங்க சாரு குடுத்த கீ பேப்பர்ல எந்த வரிக்கு எத்தினி மார்க்குன்னு போட்டுக்குதே. அதையும் நீ வூட்ல எழுதினதையும் பக்கத்துல வச்சிக்கினு பாத்தேன்.”

“எல்லா சம்முக்கும் அரை மார்க் கொறச்சிக்கிற! ஆன்சர் கரெக்ட்டு நைனா. பரீட்சைக்குப் போற நேரத்துல ஏன் பயமுறுத்தற?”

“நம்பரு சரிதாம்மா. கீயில ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்துலயும் சின்னதா ஒரு எழுத்து இக்குது. அதுக்குத் தனியா அரை மார்க். உன்னுதுல அது ஒண்ணுத்துலயும் இல்லியே.”

அவள் கீ பேப்பரைப் பிடுங்கினாள். விரல் விடை விடையாக இறங்கியது.

“ஓம்... வாட்... யூனிட்டே போடல நானு.”

“இன்னிக்கி மறக்காம போட்டுடு. அவ்ளோதான்.”

பஸ் புத்தூர் ஸ்டாண்டில் நின்றது. அப்பா எழுந்துவிட்டார். அவள் எழவில்லை.

“முந்தாநேத்து மேத்ஸ் பரீட்சையிலயும் இப்டிதான் உட்டுட்டேன், நைனா.”