போறேன்

இல்லீங்க, நம்ம பஸ்தான் அது, ஆனா நான் ஏறலை. அடுத்ததுல போய்க்கிறேன். பச்சைப் பையை அணைச்சுக்கிட்டு ஒரு பொண்ணு ஏறிச்சே, பாத்தீங்களா? அது முகத்துல முழிக்க முடியாது, அதான்.

ஆமா, லேபர் கோர்ட்டுலேந்துதான் வரேன். கேஸ் அந்தப் பொண்ணோடது. நான் சாட்சி. கம்பெனி பக்கம்.

ஓட்டல் துணியெல்லாம் வெளுத்துத் தேய்ச்சுக் குடுக்குற கம்பெனிங்க. அது தேய்க்கும், நான் பக்கத்து மேஜையில மடிப்பேன். வாய் நிறைய அண்ணே அண்ணேன்னு கூப்பிடும். ஒருநாள் பெட்ஷீட் ஒண்ணு கருகிப்போச்சு. மேனேஜர் குதிகுதின்னு குதிச்சாரு. பொண்ணு வேலை முடியிற வரைக்கும் நின்னு தேய்ச்சுட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, என்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பிச்சு. மறுநாள் வந்தா கேட்டுலயே நிறுத்திட்டாங்க. நீயாத்தானே வேலையை விட்டுட்டுப் போனேன்னுட்டாங்க.

கேஸே அதாங்க. தொரத்துனாங்களா, அதுவாப் போச்சா? போறப்ப என்ன சொல்லிச்சுன்னு கேட்டாங்க. காதால கேட்டவன் நான் ஒருத்தன்தான். போறேன்னு சொல்லிச்சுன்னு கூண்டுல ஏறிச் சொன்னேன். கம்பெனி வக்கீல் கப்புன்னு புடிச்சுக்கிட்டாரு. மறுநாள் வர்றவங்க யாராவது வெறும் போறேன்னு சொல்வாங்களான்னு கேட்டாரு. நியாயந்தானே, நாம சொல்லுவமா?

இன்னைக்குத் தீர்ப்பு. வேலையும் இல்லை, கம்பெனியோட வக்கீல் செலவையும் அதுவே கட்டணுமாம். பொய்க் கேஸு போட்டு இழுத்தடிச்சுதாம். தன் வக்கீலுக்கே தோட்டை வித்துக் குடுத்த பொண்ணுங்க அது.

மேனேஜரா? சேச்சே, மிரட்டல்லாம் இல்லை. தோள்ல கையைப் போட்டாரு. உங்களுக்கும் வயசாகுது, பாத்துச் சொல்லுங்கன்னாரு, அவ்வளவுதான். நான் ஒரு பயந்தாங்கொள்ளிங்க.

நிஜமா அப்படித்தான் சொல்லிச்சான்னா? இருங்க, சொல்றேன்.

தீர்ப்பு முடிஞ்சு வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். நேரா என்கிட்ட வந்துச்சு. நாலு வார்த்தை கேக்கும்னு பாத்தேன், கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும். கேக்கலை. போறேண்ணே, அப்படின்னுட்டு எறங்கிப் போயிடுச்சு.

இத்தனை வருஷத்துல அது வாயிலேந்து அந்த வார்த்தையை இன்னைக்குத்தாங்க கேக்குறேன். அன்னைக்குக்கூட, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, எப்பவும் சொல்றதைத்தான் சொல்லிச்சு. போயிட்டு வரேண்ணேன்னு.